குளத்தோரம் வழுக்கி விழுந்த அம்மா: ‘சொந்தப் பொறுப்பு’ பலகை ரிசார்ட்டைக் காப்பாற்றுமா?

திருச்சியிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் அனுப்பியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அப்பாவுக்கு பீமரத சாந்தி முடிந்த கையோடு, குடும்பமாக ஈ.சி.ஆரில் ஒரு ரிசார்ட்டில் இரண்டு நாள் தங்கியிருக்கிறார்கள். அறையை புக் செய்ததும் பணம் கட்டியதும் அண்ணன். மறுநாள் காலை பேரப்பிள்ளைகள் குளத்தில் ஆடிக்கொண்டிருக்க, 64 வயது அம்மா கையில் துண்டுகளோடு ஷவர் பக்கமிருந்து குளத்தை நோக்கி நடந்திருக்கிறார். பாலிஷ் போட்ட கறுப்பு கிரானைட் தரை. வழுக்கி இடது பக்கமாக விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்து, சென்னையில் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. செலவு 3 லட்சத்து 40 ஆயிரம்; அதில் மெடிக்ளெயிம் கொடுத்தது 2 லட்சத்து 50 ஆயிரம். எட்டு மாதம் கழிந்தும் வாக்கர் இல்லாமல் அம்மாவால் வாசல்வரை போக முடியவில்லை.

ரிசார்ட் நிர்வாகம் மூன்று பதில் சொல்கிறது. ‘குளத்தைச் சொந்தப் பொறுப்பில் பயன்படுத்தவும்’ என்று பலகை வைத்திருக்கிறோம், செக்-இன் படிவத்திலும் உங்கள் அண்ணன் கையெழுத்துப் போட்டிருக்கிறார். சேலை கட்டிக்கொண்டு குளத்துப் பக்கம் வந்தது அம்மாவின் தவறு. கடைசி நாள் வாடகையை நாங்கள் வாங்கவே இல்லை, ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று அண்ணன் எழுதிக் கொடுத்துவிட்டார். அண்ணனும் ‘நேரம் சரியில்லை, யாரைச் சொல்லி என்ன’ என்கிறாராம்.

வாசகி கேட்கும் கேள்விகள் இரண்டு. எஃப்.ஐ.ஆர் போடாத நிலையில், எட்டு மாதம் கழித்து ஏதாவது செய்ய முடியுமா? அவர் குடியிருக்கும் அடுக்குமாடியிலும் நீச்சல் குளம் இருக்கிறது, சங்கத்தின் செயற்குழுவில் அவரும் ஓர் உறுப்பினர். அங்கே இப்படி நடக்காமலிருக்க என்ன செய்வது?

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அம்மாவைப் பற்றி. இந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தவர்களுக்கு எலும்பு கூடிய பிறகும் ‘மறுபடி விழுந்துவிடுவோமோ’ என்ற பயம் போவதில்லை. அந்தப் பயத்தால் நடப்பதைக் குறைப்பார்கள், நடக்காததால் காலில் வலு குறையும். பிசியோதெரபியை ‘போதும்’ என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அதன் ஒவ்வொரு ரசீதும் நமக்கு வேண்டும் என்பது தனி விஷயம்.

நீங்கள் அனுப்பிய புகைப்படங்களைப் பலமுறை பார்த்தேன். ஷவருக்கும் குளத்துக்கும் நடுவே உள்ள கறுப்பு கிரானைட்டில் வானமும் தென்னை ஓலையும் கண்ணாடியில் தெரிவதுபோலத் தெரிகின்றன. சாய்வு நாற்காலிகள் போட்ட பகுதியில் மட்டும் சொரசொரப்பான சாம்பல் கல். ஆட்கள் உட்காரும் இடத்துக்குச் சொரசொரப்பு, ஈரக்காலோடு நடக்கும் இடத்துக்குப் பளபளப்பு! மஞ்சள் நிற ‘தரை ஈரம்’ பலகை பூந்தொட்டிக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து கிடக்கிறது.

குளத்தோரத் தரை எப்போதும் நனைந்துதான் இருக்கும். திடீரென்று யாரோ தண்ணீரைக் கொட்டிவிட்ட இடம் அல்ல அது. குளம் கட்டுகிற அன்றே, ‘இங்கே வெறுங்காலோடு, ஈரத்தோடு, குழந்தையும் கிழவியும் நடப்பார்கள்’ என்று கட்டுகிறவருக்குத் தெரியும். தெரிந்தும் அங்கே பாலிஷ் கல்லைப் பதிப்பது ஒரு முடிவு; அந்த முடிவுக்குப் பொறுப்பு உண்டு. அண்ணன் சொல்கிற ‘நேரம்’ அம்மாவை அந்த வழியில் நடக்க வைத்திருக்கலாம். அந்தக் கல்லை அங்கே பதித்தது நேரம் அல்ல.

பலகையும் கையெழுத்தும்

‘சொந்தப் பொறுப்பில்’ என்று எழுதி வைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று ரிசார்ட்டும் நம்புகிறது, நீங்களும் பாதி நம்பிவிட்டீர்கள். சட்டம் அப்படி இல்லை. 2019 நவம்பரில், ஹோட்டல் வாலே பார்க்கிங்கில் விட்ட கார் திருடுபோன வழக்கில் உச்ச நீதிமன்றம் இதே கேள்வியைப் பார்த்தது. பார்க்கிங் சீட்டில் ‘உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில்’ என்று அச்சடித்திருந்தது. ஹோட்டல், தன்னுடைய அல்லது தன் ஊழியர்களுடைய கவனக்குறைவால் வந்த இழப்புக்கு அப்படி ஒரு வரியைக் காட்டித் தப்பிக்க முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. காருக்கே அப்படி என்றால், விருந்தாளியின் உடம்புக்கு இன்னும் வலுவாகவே வாதிடலாம்.

பலகை செல்லுபடியாகும் இடமும் உண்டு. நீந்தத் தெரியாதவர் ஆழமான பக்கம் குதித்தார், மது அருந்திவிட்டு இறங்கினார் என்றால் அது அவர் தெரிந்தே எடுத்த அபாயம் என்று வாதிடலாம். நாற்காலியிலிருந்து ஷவருக்கும் ஷவரிலிருந்து குளத்துக்கும் நடப்பது அந்த வகையில் வராது.

குளம் சம்பந்தமாக வக்கீல்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் பழைய வழக்கு ஒன்று இருக்கிறது. 1972-ல் டெல்லியின் ஐந்து நட்சத்திர ஹோட்டல் ஒன்றில் தங்கியிருந்த ஜெர்மன் விமானி, அதன் நீச்சல் குளத்தில் பாய்ந்தபோது தலையில் அடிபட்டுக் கைகால் செயலிழந்தார். 1997-ல் டெல்லி உயர் நீதிமன்றத் தனி நீதிபதி, அவ்வளவு கட்டணம் வாங்கும் ஹோட்டலுக்கு அந்த அளவு கவனமும் கடமை என்று சொல்லி 50 லட்சம் ரூபாய் இழப்பீடு விதித்தார். ஆனால் வழக்கு நடக்கும்போதே விமானி இறந்துவிட்டிருந்தார். அந்தக் காரணத்தால் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு நிலைக்கவில்லை. இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்த அல்ல. நுகர்வோர் சட்டத்தில் வாரிசுகள் புகார் தர வழி இருக்கிறது. ஆனாலும் உடல் காயத்துக்கான கோரிக்கையை ஆறப்போடுவது நல்லதல்ல.

அண்ணன் எழுதிக் கொடுத்த காகிதத்தின் நகல் உங்களிடம் இல்லை என்கிறீர்கள். அதை முதலில் கேட்டு வாங்க வேண்டும். அதில் என்ன வாசகம் இருக்கிறது என்பது முக்கியம். ஆனால் காயம்பட்டது அம்மா, கையெழுத்துப் போட்டது அண்ணன். அதுவும் ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கும்போது, சிகிச்சைக்கு எவ்வளவு ஆகும் என்று யாருக்கும் தெரியாத நேரத்தில் போட்ட கையெழுத்து. ஒரு நாள் வாடகைக்கு இடுப்பெலும்பை விட்டுக்கொடுத்தார் என்று நுகர்வோர் ஆணையம் எளிதில் ஏற்காது. இருந்தாலும் எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் நீட்டும். அதனால் அந்தக் கையெழுத்து எந்தச் சூழலில் வாங்கப்பட்டது என்று அண்ணன் ஒரு பிரமாண வாக்குமூலம் தர வேண்டியிருக்கும். அவரை இப்போதே சமாதானப்படுத்தி வையுங்கள்.

இன்னொரு சந்தேகம்: ‘பணம் கட்டியது அண்ணன், அம்மா எப்படிக் கேட்க முடியும்?’ கேட்கலாம். கட்டணம் செலுத்தியவரின் சம்மதத்தோடு சேவையைப் பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான்.

‘சேலையோடு ஏன் வந்தார்?’

இந்த வாதம் எனக்கு வருத்தம் தருகிறது. ஆனாலும் அதற்குப் பதில் தயாராக இருக்க வேண்டும். குளத்துக்குள் இறங்க நீச்சல் உடை வேண்டும் என்பது நியாயமான விதி. குளத்தைச் சுற்றி நடக்க அப்படி விதி எங்கும் இல்லை. பேரனுக்குத் துண்டு கொடுக்க வரும் பாட்டி சேலையில்தான் வருவார். குடும்பங்களை அழைத்து விளம்பரம் செய்யும் ரிசார்ட் அதை எதிர்பார்த்தே தரையைப் போட்டிருக்க வேண்டும்.

அதே சமயம் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நனைந்த முந்தானையோ கொசுவமோ காலில் சிக்கியதால் தடுக்கி விழுந்தார் என்று எதிர்த்தரப்பு நிரூபித்தால், விழுந்ததில் அம்மாவின் பங்கும் உண்டு என்று இழப்பீட்டைக் குறைக்கலாம். எனவே அம்மாவிடம் நிதானமாகக் கேளுங்கள்: கால் தடுக்கியதா, வழுக்கியதா? எந்தக் கால், எந்தப் பக்கம் போனது? நடந்ததை அவர் வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். நம் வசதிக்காக ஒரு சொல்லையும் மாற்ற வேண்டாம்.

எந்த வழியில் போவது?

எஃப்.ஐ.ஆர் இல்லாமல் வழக்கே இல்லை என்பது பரவலான தவறான எண்ணம். போலீஸ் புகார் ஒரு வழி, அவ்வளவுதான். கவனக்குறைவால் ஒருவருக்குக் கொடுங்காயம் உண்டாக்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 125-வது பிரிவில் வருகிறது, எலும்பு முறிவும் கொடுங்காயம்தான். ஆனால் குற்ற வழக்கில் எந்த ஆள் என்ன கவனக்குறைவு செய்தார் என்பதைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். கடைசியில் மேனேஜரோ, துடைப்பம் பிடித்த ஊழியரோ மாட்டிக்கொள்வார். கல்லைத் தேர்ந்தெடுத்தவர் வெளியே இருப்பார். எட்டு மாதம் கழித்து இந்த வழியை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

சிவில் நீதிமன்றமும் உண்டு. அங்கே கட்டணமும் காலமும் அதிகம். உங்களுக்குப் பொருத்தமானது நுகர்வோர் ஆணையம். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி, கவனக்குறைவால் நுகர்வோருக்குக் காயம் ஏற்படுத்துவதும் சேவைக் குறைபாடுதான். சம்பவம் நடந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். உங்களுக்கு இன்னும் 16 மாதம் இருக்கிறது. ரிசார்ட் செங்கல்பட்டுப் பக்கம் இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம். அம்மா வசிக்கும் திருச்சி மாவட்ட ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். மாவட்டமா, மாநிலமா, தேசியமா, எந்த நிலை ஆணையம் என்பதை, கேட்கிற இழப்பீடு தீர்மானிப்பதில்லை. சேவைக்காகக் கட்டிய தொகைதான் தீர்மானிக்கிறது. கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணமே கிடையாது. இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம்.

அதற்கு முன் ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். சட்டப்படி கட்டாயமில்லை. ஆனால் பல நிர்வாகங்கள் நோட்டீஸ் வந்த பிறகுதான் தங்கள் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் பேசுகின்றன. 15 நாள் அவகாசம் கொடுத்து, செலவு விவரத்தோடு கேளுங்கள். நியாயமான தொகைக்கு அவர்கள் இறங்கி வந்தால் சமரசம் மோசமான முடிவல்ல. இந்த முறை அம்மாவே படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும்.

எதிர்பார்ப்பையும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். சட்டத்தில் மாதக் கணக்கு எழுதியிருந்தாலும் நடைமுறையில் வருடக் கணக்கு ஆகும். வெளிநாட்டுச் செய்திகளில் வருவதுபோலக் கோடிகள் கிடைக்காது. கையை விட்டுப் போன சிகிச்சைச் செலவு, பிசியோதெரபி, உதவிக்கு வைத்த ஆளின் சம்பளம், அம்மா பட்ட வலிக்கும் முடங்கிய வாழ்க்கைக்கும் ஒரு தொகை, வழக்குச் செலவு, இவைதான் கேட்க வேண்டியவை. மெடிக்ளெயிமில் வந்த 2 லட்சத்து 50 ஆயிரத்தை மறைக்காதீர்கள். அது வெளியே வந்தால் மற்ற உண்மைகளையும் சந்தேகிப்பார்கள்.

கையில் இருக்க வேண்டியவை

எட்டு மாதத்துக்கு முந்தைய சிசிடிவி பதிவு பெரும்பாலும் அழிந்திருக்கும். இருந்தாலும் நோட்டீஸில் கேளுங்கள். விபத்து நடந்த நாளின் பதிவை ஏன் பாதுகாக்கவில்லை என்று பின்னால் கேட்க உதவும். உங்கள் போனில் உள்ள அசல் படங்களை அப்படியே வையுங்கள். வாட்ஸ்ஆப்பில் போய் வந்த நகலில் நாள், நேர விவரம் போய்விடும். மின்னணுச் சான்றுக்குத் தனிச் சான்றிதழ் இணைக்க வேண்டும், அதை உங்கள் வக்கீல் தயாரிப்பார்.

மருத்துவமனை டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘நீச்சல் குளம் அருகே வழுக்கி விழுந்ததாக’ என்று முதல் நாளே பதிவாகியிருக்கிறதா பாருங்கள். ஏ.ஆர். காப்பி (மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டுக் குறிப்பு) போட்டிருந்தால் அதன் நகலையும் வாங்குங்கள். ‘வீட்டில் விழுந்தார்’ என்று யாராவது தவறாக எழுதியிருந்தால், அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

உங்கள் தோழி போன மாதம் அங்கே போனபோது அந்தக் கறுப்புக் கல்லின் மேல் ரப்பர் பாய் விரித்திருந்ததாக ஒரு படம் அனுப்பியிருக்கிறார். அதைப் பத்திரப்படுத்துங்கள். பிறகு சரிசெய்ததே முன்பு தப்பு செய்ததற்கு முழுச் சான்றாகிவிடாது. ஆனால் சில ஆயிரம் ரூபாய்ப் பாயில் தடுத்திருக்கக்கூடிய விபத்து இது என்று காட்ட அந்த ஒரு படம் போதும். அந்த ரிசார்ட் பற்றிய இணைய விமர்சனங்களில் வேறு யாராவது ‘வழுக்குகிறது’ என்று முன்பே எழுதியிருந்தால் தேதியோடு எடுத்து வையுங்கள். முன்பே தெரிந்தும் சும்மா இருந்தார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடைப்பது கடினம்.

உங்கள் குடியிருப்புக் குளம்

இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ரிசார்ட்டைப் பார்த்து நாம் கேட்பதையெல்லாம் நாளை ஒரு குடியிருப்பாளர் உங்கள் சங்கத்தைப் பார்த்துக் கேட்கலாம். அப்போது நீங்கள் எதிர்த்தரப்பு.

வழுக்குவது ஏன் என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடியும். காலுக்கும் கல்லுக்கும் நடுவே மெல்லிய தண்ணீர்ப் படலம் நிற்கிறது. மழைச்சாலையில் கார் டயர் மிதப்பதுபோல, பாதம் கல்லைத் தொடாமலே நழுவுகிறது. தரையில் நுண்ணிய சொரசொரப்பு இருந்தால் அது படலத்தைக் கிழித்துக்கொண்டு பாதத்தைப் பிடிக்கும். தலையில் தேய்த்த தேங்காய் எண்ணெய், சன் ஸ்கிரீன் கிரீம், சோப்பு, பாசி எல்லாம் அந்தச் சொரசொரப்பை நிரப்பிவிடுகின்றன. அதனால்தான் பதித்த புதிதில் நன்றாக இருந்த தரை ஒரு வருடத்தில் வழுக்குகிறது.

பில்டர் ‘ஆன்டி-ஸ்கிட் டைல்ஸ்தான், ஆர்-11’ என்று சொல்லியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ‘ஆர்’ எண், செருப்பு அல்லது பூட்ஸ் போட்டுக்கொண்டு எண்ணெய் தடவிய சரிவில் நடந்து பார்க்கும் சோதனையில் வருவது, தொழிற்கூடங்களுக்கானது. வெறுங்கால், ஈரத் தரைக்கு ஜெர்மனியில் டின் 51097 என்று இருந்து, இப்போது டின் இ.என் 16165-ல் சேர்ந்துவிட்ட வேறு தரம் இருக்கிறது. அதில் ஏ, பி, சி என்று மூன்று வகுப்பு. உடை மாற்றும் அறை போன்ற பெரும்பாலும் உலர்ந்த இடத்துக்கு ஏ, ஷவருக்கும் குளத்தோரத்துக்கும் பி, தண்ணீருக்குள் இறங்கும் படிக்கும் சரிவான விளிம்புக்கும் சி. டைல்ஸ் கம்பெனியிடம் இந்தச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். பதித்த தரையைச் சோதிக்க ஊசல் கருவி இருக்கிறது; ஊசலாடும் ரப்பர் துண்டு தரையை உரசும்போது தரை எவ்வளவு பிடிக்கிறது என்பதை அது எண்ணாகக் காட்டும். பிரிட்டனின் அளவுகோலில், ஈரத்தில் 36-ம் அதற்கு மேலும் வந்தால் வழுக்கும் அபாயம் குறைவு. 25-க்குக் கீழே போனால் அதிகம். எந்தச் சோதனையாக இருந்தாலும் ‘ஈரத்தில் எடுத்த அளவா’ என்று கேளுங்கள். உலர்ந்த கிரானைட் யாரையும் வழுக்கிவிடாது.

சோதனைக்கு ஆள் வரும்வரை நீங்களே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு காலைப்பொழுதில் குளத்தோரம் முழுக்கத் தண்ணீர் விட்டுவிட்டு, கால் மணி நேரம் கழித்து வந்து பாருங்கள். எங்கெல்லாம் தண்ணீர் தேங்கி நிற்கிறதோ அங்கெல்லாம் சாக்கட்டியால் வட்டம் போடுங்கள். பிறகு ஷவரிலிருந்து குளத்துக்கு, குளத்திலிருந்து கழிப்பறைக்கு, துண்டு மாட்டும் இடத்துக்கு என்று ஆட்கள் ஈரக்காலோடு நடக்கும் தடத்தைப் பாருங்கள். வட்டமும் தடமும் சந்திக்கும் இடங்கள்தான் முதலில் செலவழிக்க வேண்டிய இடங்கள். அங்கே வாட்டத்தைச் சரிசெய்து தண்ணீரை வடிகாலுக்குத் திருப்புங்கள். பாலிஷ் கிரானைட் இருந்தால் நெருப்பில் வாட்டிச் சொரசொரப்பாக்கிய ‘ஃபிளேம்டு’ கிரானைட்டாக மாற்றலாம். மேலே பூசும் ஆன்டி-ஸ்கிட் கோட்டிங் மலிவு, ஆனால் தேயும், பூசியதோடு மறந்துவிடக்கூடாது.

சுத்தம் செய்யும் முறையில்தான் பெரும்பாலான சங்கங்கள் கோட்டை விடுகின்றன. சோப் ஆயிலை ஊற்றி மாப்பால் இழுத்துவிட்டால் எண்ணெய்ப் பிசுக்கு இடம் மாறுமே தவிர, போகாது. பிசுக்கைக் கரைக்கும் காரத்தன்மையுள்ள கிளீனரை டைல்ஸுக்கு ஏற்றபடி பயன்படுத்தி, பிரஷ்ஷால் தேய்த்து, நிறையத் தண்ணீரால் அலசி, வைப்பரால் வடிகால் பக்கம் தள்ள வேண்டும். கறை போக ஆசிட் ஊற்றும் பழக்கத்தை அடியோடு நிறுத்துங்கள். இணைப்புச் சாந்து அரிக்கும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், குளத்துக்குப் போடும் குளோரின் மருந்தோடு ஆசிட் கலந்தால் விஷவாயு கிளம்பும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிழல் விழும் மூலைகளில் பாசி வேகமாகப் பிடிக்கும். அந்த மாதங்களில் வாரம் ஒருமுறை பிரஷ் போதாது.

பாய் விரிப்பதென்றால் தண்ணீர் வடியும் துளைப் பாயாக வாங்குங்கள். தினமும் தூக்கிக் கழுவாவிட்டால் அடியில் பாசி பிடித்துப் பாயே வழுக்கும், ஓரம் மடங்கினால் தடுக்கும். படிகளிலும் ஷவர் அருகிலும் கைப்பிடி வையுங்கள். மாலையில் குழந்தைகள் கூடும் நேரத்தில் கையில் வைப்பரோடு ஓர் ஆள் இருக்கட்டும். ‘ஓடாதே’ பலகையைவிட அந்த ஆள் சொல்வது கேட்கும். மஞ்சள் பலகை வைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. நாள் முழுக்க ஈரமாக இருக்கும் இடத்தில் நாள் முழுக்க நிற்கும் பலகையை யாரும் பார்ப்பதில்லை.

ஒரு நோட்டுப் புத்தகமும் போடுங்கள். யார் விழுந்தாலும், விழப்போய்ச் சமாளித்தாலும், இடம், நேரம், அப்போது தரை எப்படி இருந்தது என்று காவலாளியோ பொறுப்பாளரோ எழுத வேண்டும். ஒரே இடம் இரண்டாம் முறை எழுதப்பட்டால் அடுத்த கூட்டம்வரை காத்திருக்காமல் அந்தத் தடத்தை அடைத்துவிடுங்கள். எழுதி வைத்தால் நமக்கே எதிராகிவிடாதா என்று செயற்குழுவில் யாராவது கேட்பார்கள். எழுதிவிட்டுச் சும்மா இருந்தால் எதிராகும்; எழுதிச் சரிசெய்திருந்தால் அதுதான் உங்கள் சங்கத்துக்குப் பாதுகாப்பு. மூன்றாம் நபர் காயத்துக்கான பொறுப்புக் காப்பீடு இருக்கிறதா, அதில் நீச்சல் குளம் சேர்ந்திருக்கிறதா என்பதையும் பாலிசியைப் பிரித்துப் படித்துப் பாருங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை: ரிசார்ட்டிடம் அண்ணன் எழுதிக் கொடுத்த காகிதத்தின் நகலை மின்னஞ்சலில் கேளுங்கள், மருத்துவமனையிலிருந்து முழுக் கோப்பின் நகலையும், எலும்பு மருத்துவரிடமிருந்து அம்மாவின் இப்போதைய நடமாட்டம் பற்றி ஒரு சான்றையும் வாங்குங்கள். இவை மூன்றும் கையில் வந்ததும் நோட்டீஸ் அனுப்பிவிடலாம்.